நவம்பர் மூன்றாவது வியாழன்: புது ஒயினைச் சுவைத்துப் பார்க்கும் விதம்

நவம்பர் பிறந்துவிட்டால் என் போனுக்கு ஒரே கேள்வி பல குரலில் வரும். பாரீஸ் பக்கம் சார்செலில் இருக்கும் சித்தப்பா மகன் போன வருடம் இப்படிக் கேட்டான்: "அண்ணே, சூப்பர் மார்க்கெட்ல நூவோ வந்திருக்குன்னு தோரணம் கட்டி வச்சிருக்கான். ஒரு தடவை வாங்கிப் பார்த்தேன். வாழைப்பழ மிட்டாயைப் புளித்தண்ணியில கரைச்ச மாதிரி இருந்துச்சு. அவ்வளவுதானா அது?"

நூவோ என்றால் இங்கே அந்த வருடத்துப் புது ஒயின். எப்படிக் குடித்தாய் என்று விசாரித்தேன். ஹீட்டர் பக்கத்தில் இரண்டு நாள் வைத்திருந்து, தண்ணீர் டம்ளரில் விளிம்புவரை ஊற்றி, எலுமிச்சை சாதத்தோடு குடித்திருக்கிறான். பாவம், அந்த ஒயின் என்ன செய்யும்? அவனுக்கு அன்று போனில் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

நான் லியோன் நகரத்தில் ஒரு புஷோனில் வேலை பார்க்கிறேன். புஷோன் என்பது இந்த ஊருக்கே உரிய சின்னச் சாப்பாட்டுக் கடை. பன்றிக்கறி, குடல், பாலாடைக்கட்டி, ஒயின், சத்தம். 2004-இல் வில்லியனூரிலிருந்து வந்து முதலில் தட்டு கழுவினேன், அப்புறம் பரிமாறினேன். இப்போது 12 வருடமாக ஒயின் வைக்கும் நிலவறையின் சாவி என்னிடம். ஊரில் என் தாத்தா ஒரு வாய் கள்ளைக் குடித்துவிட்டு, அது மரத்திலிருந்து இறங்கி எத்தனை நாழிகை ஆயிற்று என்று சொல்வார். "வெயில் ஏற ஏறக் கள்ளுக்குக் கோபம் ஏறும்டா" என்பார். புது ஒயினைப் பற்றி இங்கே நான் படித்த பாடத்துக்கெல்லாம் அதுதான் அரிச்சுவடி. சில பானங்களுக்கு வயதுதான் பெருமை. சிலவற்றை இறக்கின சூட்டோடு குடிக்க வேண்டும்.

புது ஒயின் என்று இங்கே இரண்டு விஷயத்தைச் சொல்வார்கள், குழப்பிக்கொள்ள வேண்டாம். போர்தோ பக்கம் 'ஆன் ப்ரிமெர்' என்று ஒன்று உண்டு. அறுவடை முடிந்த அடுத்த வசந்தத்தில், இன்னும் பீப்பாயில் கிடக்கும் ஒயினின் மாதிரியை வியாபாரிகளும் விமர்சகர்களும் சுவைத்து விலை பேசுவார்கள். பணத்தை இப்போதே கட்ட வேண்டும், புட்டி கைக்கு வர இன்னும் ஒன்றரை இரண்டு வருடம் ஆகும். அது காசு உள்ளவர்கள் போடும் ஏலச்சீட்டு. நான் சொல்ல வருவது செப்டம்பரில் கொடியில் தொங்கிய பழம் நவம்பரில் கோப்பைக்கு வருகிற பொஜோலே நூவோ. பத்து யூரோ கையில் இருந்தால் போதும்.

பொஜோலே என்பது லியோனுக்கு வடக்கே மாகோன் வரை சுமார் 55 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடும் மேட்டு நிலம். வடக்குப் பாதியில் கருங்கல் சிதைந்த மண், தெற்கே களிமண்ணும் சுண்ணாம்பும். சிவப்பு ஒயினுக்கு அங்கே ஒரே திராட்சைதான், பெயர் கமே. தோல் கருப்பு, சாறு வெள்ளை. இந்தக் கமேக்கு ஒரு பழைய அவமானம் உண்டு. 1395-இல் பர்கண்டி பிரபு, துணிச்சல்காரர் பிலிப், இது மோசமான, விசுவாசமில்லாத செடி என்று சொல்லித் தன் மண்ணிலிருந்து பிடுங்கி எறியச் சொன்னார். நிறையக் காய்க்கிறது, சீக்கிரம் பழுக்கிறது என்பதுதான் குற்றம்! துரத்தப்பட்ட செடி தெற்கே வந்து இந்தக் கருங்கல் மேட்டில் பிழைத்துக்கொண்டது. நாடு விட்டு நாடு வந்தவன் என்பதால் எனக்கு அதன்மேல் கொஞ்சம் பாசம் ஜாஸ்தி.

புது ஒயினை உடனே குடிக்கும் பழக்கம் லியோன்காரர்களுக்கு எப்போதும் உண்டு. 1951-இல் அரசாங்கம் டிசம்பர் 15-க்கு முன்னால் ஒயினை விற்கக் கூடாது என்று விதி போட, பொஜோலேக்காரர்கள் சண்டை போட்டு, அதே வருடம் நவம்பர் 13-ஆம் தேதி விலக்கு வாங்கினார்கள். 1967-இல் நவம்பர் 15 என்று நாள் குறித்தார்கள். 1985 முதல் நவம்பர் மாதத்து மூன்றாவது வியாழன். நள்ளிரவு தாண்டினால்தான் விற்பனை. ஜோர்ஜ் துபெஃப் என்ற வியாபாரி இதை ஒரு திருவிழாவாக்கி உலகம் முழுக்க அனுப்பினார். 2020 ஜனவரியில் இறந்தார். ஜப்பானில் நேரம் எங்களுக்கு எட்டு மணி முன்னால் ஓடுவதால், நாங்கள் மதியச் சாப்பாட்டை முடித்துக் கைகழுவிக்கொண்டிருக்கும்போதே தோக்கியோவில் தக்கையைத் திறந்துவிடுகிறார்கள். எங்கள் பத்ரோனுக்கு, அதாவது முதலாளிக்கு, இது ஆறாத வருத்தம்.

சரி, சுவைக்கப் போகும் முன் ஒரு விஷயம் புரிந்தாக வேண்டும். இந்த ஒயின் எப்படி இவ்வளவு சீக்கிரம் தயாராகிறது? இதைத் தெரிந்துகொண்டால்தான் மூக்கில் வரும் வாசனையில் எது பழத்தின் வாசனை, எது செய்முறையின் வாசனை என்று பிரிக்க முடியும். எனக்கு அது புத்தகத்தில் ஏறவில்லை. ஒரு செப்டம்பரில் பத்ரோன் என்னைக் கூட்டிக்கொண்டு, அவர் வழக்கமாக வாங்கும் ஒரு விவசாயியின் கொட்டகைக்குப் போனார். அங்கேதான் கண் திறந்தது.

பொஜோலேயில் திராட்சையைப் பெரும்பாலும் கையால்தான் பறிக்கிறார்கள். குலை குலையாக, காம்போடு. அதை நசுக்காமல் அப்படியே பெரிய தொட்டிக்குள் கொட்டுகிறார்கள். அடியில் இருக்கும் பழம் மேலே உள்ள பாரத்தில் தானாக நசுங்கிச் சாறு விடும். அந்தச் சாறு நொதிக்க ஆரம்பித்து, கரியமில வாயு கிளம்பித் தொட்டி முழுவதும் நிறையும். மேலே முழுசாகக் கிடக்கும் பழங்களுக்கு மூச்சு விடக் காற்று இல்லை. அப்போது ஒரு வேடிக்கை நடக்கிறது. ஈஸ்ட் எதுவும் உள்ளே போகாமலே, பழம் தன் தோலுக்குள்ளேயே நொதிக்கிறது. இரண்டு சதவீதம் அளவுக்கு ஆல்கஹால் உள்ளேயே உண்டாகிறது, புளிப்பு குறைகிறது, தோலின் நிறம் உள்ளே சதைக்கு இறங்குகிறது. அந்த விவசாயி தொட்டியின் மேல் மூடியைத் தூக்கி, "தலையை உள்ளே விடாதே, மயக்கம் போட்டு விழுவாய்" என்று எச்சரித்துவிட்டு ஒரு குலையை எடுத்துக் கொடுத்தார். ஒரு பழத்தைக் கடித்தேன். நாக்கில் சுறுசுறுவென்று கோலி சோடா. பழத்துக்குள் சோடா! பிய்த்துப் பார்த்தால் பச்சையாக இருக்க வேண்டிய சதை ரோஜா நிறத்தில் இருந்தது.

நூவோவுக்கு இந்த ஊறல் நான்கைந்து நாள்தான். பிறகு சாற்றை வடித்து, மிச்சப் பழத்தைப் பிழிவார்கள். பிழியும்போது வருகிற சாறு பாதி நொதித்தும் பாதி நொதிக்காமலும், இளஞ்சூட்டோடு, தேன் போலத் தித்திப்பாக வழியும். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'பாரதி'. கேட்டதும் நான் சிரித்துவிட்டேன். எங்கள் புதுச்சேரிக்காரர் இங்கே எப்படி வந்தார் என்று பார்த்தால், அது பிரெஞ்சில் சொர்க்கம் என்ற சொல்லாம். ஒரு டம்ளர் குடித்தேன். பதநீரை நினைத்துக்கொண்டேன்.

ஆக, தோலோடு ஊறியது சில நாள்தான் என்பதால் துவர்ப்பு அதிகம் இறங்குவதில்லை. இந்த முறையும், சில வகை ஈஸ்ட்டும் சேர்ந்தால் ஐசோஅமைல் அசிட்டேட் என்ற பொருள் கூடுதலாக உண்டாகும். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஊரில் ஐஸ் வண்டிக்காரர் சொட்டு விடும் வாழைப்பழ எசன்ஸின் வாசனை அதுதான். சித்தப்பா மகன் சொன்ன வாழைப்பழ மிட்டாய் அவன் கற்பனை இல்லை.

இனி வேலைக்கு வருவோம். இரண்டு புட்டி வாங்குங்கள். ஒரு புட்டியை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் எதையும் கற்றுக்கொண்டதாக நான் பார்க்கவில்லை. ஒன்று, பெரிய கம்பெனியின் பளபள லேபிள் புட்டி, சூப்பர் மார்க்கெட்டில் கிடைப்பது. இன்னொன்று, ஒயின் கடைக்காரரிடம் போய், "தோட்டத்துக்காரர் தானே செய்தது, வாழைப்பழ வாசனை இல்லாதது வேண்டும்" என்று கேட்டு வாங்குவது. அவர் உங்களை மரியாதையாகப் பார்ப்பார். ஜூல் ஷோவே என்று பொஜோலேயில் ஒரு ரசாயனம் படித்த ஒயின் வியாபாரி இருந்தார். திராட்சைத் தோலிலேயே ஒட்டியிருக்கும் ஈஸ்ட் போதும், ஒயின் கெடாமலிருக்கச் சேர்க்கும் கந்தகத்தைக் குறைக்கலாம் என்று சொல்லிக் கொடுத்தவர். அந்த வழியில் மொர்கோன் ஊர் மார்செல் லாபியேர் போனார். இன்று பலர் போகிறார்கள். அவர்கள் நூவோவில் பெரும்பாலும் வாழைப்பழம் இருக்காது.

லேபிளில் 'பொஜோலே' என்று இருக்கலாம், 'பொஜோலே வில்லாஜ்' என்று இருக்கலாம். பின்னது 38 கிராமங்களைச் சேர்ந்தது, பெரும்பாலும் கொஞ்சம் சதைப்பிடிப்பாக இருக்கும். மொர்கோன், ஃப்ளெரி, முலேன்-ஆ-வான் மாதிரி 10 உயர்ந்த ஊர்களின் பெயர் போட்ட ஒயின் நூவோவாக வரவே வராது, சட்டம் விடாது. யாராவது ஃப்ளெரி நூவோ என்று விற்றால் கடையை மாற்றுங்கள். வெள்ளையிலும் நூவோ கிடையாது, சிவப்பும், ரோஜா நிற ரோசேயும்தான். வருடத்தைப் பாருங்கள். போன வருடத்து நூவோவைத் தள்ளுபடியில் தலையில் கட்டுகிற கடைகளும் உண்டு.

இப்போது சூடு. இதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். நானும் விட்டேன். 2009-இல் வியாழக்கிழமை மதியம் வந்து இறங்கிய பெட்டிகளை அவசரத்தில் ரேடியேட்டர் ஓரமாக அடுக்கிவிட்டேன். ராத்திரி பரிமாறினால், ஒரு வாடிக்கையாளர் கோப்பையை முகர்ந்துவிட்டு, "தம்பி, ஜாம் காய்ச்சுகிறீர்களா?" என்றார். 22 டிகிரியில் இந்த ஒயின் வெறும் ஆல்கஹாலும் கொதித்த பழமுமாகத்தான் இருக்கும். 12 டிகிரி வேண்டும். ஃபிரிட்ஜில் ராத்திரி முழுவதும் இருந்த புட்டி என்றால் அரைமணி நேரம் முன்னால் வெளியே எடுங்கள். அலமாரியில் இருந்தது என்றால் ஒன்றேகால் மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். அவசரமா? வாளியில் பனிக்கட்டியோடு தண்ணீரும் ஊற்றிப் பத்து நிமிடம். வெறும் பனிக்கட்டி மட்டும் போட்டால் நேரம் பிடிக்கும். தண்ணீர்தான் புட்டியைச் சுற்றிக் கட்டிப் பிடிக்கும்.

கோப்பை பற்றி அதிகம் அலட்ட வேண்டாம். வாய் குறுகி, வயிறு அகன்று, தண்டு உள்ளது எதுவானாலும் சரி. தொழிலில் பயன்படுத்தும் கோப்பை 215 மில்லி பிடிக்கும், அதில் 50 மில்லிதான் ஊற்றுவோம். மிச்ச இடம் வாசனைக்கு. எவர்சில்வர் டம்ளரில் வாசனை நிற்காது. லியோன் புஷோன்களில் 'போ' என்கிற அடி கனத்த புட்டியில் ஒயின் வரும், 46 சென்டிலிட்டர். அது குடிக்க அழகு, சுவைக்கக் கோப்பைதான்.

கோப்பையை வெள்ளைத் துணிமேல் சாய்த்து ஓரத்தைப் பாருங்கள். ஊதா ஓடுகிறதா? நாவல்பழம் தின்ற பள்ளிக்கூடப் பையனின் நாக்கு நிறம். அதுதான் புதுசுக்கு அடையாளம். வயதான சிவப்பு ஒயினில் அந்த ஓரம் செங்கல் நிறத்துக்குப் போய்விடும்.

ஆட்டாமல் ஒருமுறை முகருங்கள். முதலில் முந்திக்கொண்டு வருவது செய்முறை வாசனை: வாழைப்பழ எசன்ஸ், பபிள்கம், பஞ்சுமிட்டாய். அதைக் குறித்துக்கொண்டு ஒதுக்கிவிடுங்கள். மாப்பிள்ளை வீட்டாரில் அதிகம் பேசுகிறவரை ஓரமாக உட்காரவைப்பது மாதிரி. இப்போது கோப்பையைச் சுழற்றி, அரை நிமிடம் விட்டு, மறுபடி முகருங்கள். இப்போது வருவதுதான் கமே. பிரெஞ்சுக்காரர்கள் ஃபிராம்புவாஸ் (ராஸ்பெர்ரி), குரோசேய் (சிவப்புக் கரன்ட் என்ற புளிப்புப் பழம்) என்று அடுக்குவார்கள். எனக்கு முதல் இரண்டு வருடம் அந்தப் பெயர்களைக் கேட்டாலே கூச்சம். தின்று வளராத பழத்தின் வாசனையை எப்படிச் சொல்வது? ஒரு நாள் எல்லோரும் குரோசேய் என்று தலையாட்டிக்கொண்டிருந்தபோது, என் வாயிலிருந்து "களாக்காய்" என்று வந்துவிட்டது. என்ன அது என்று பத்ரோன் விடவில்லை. ஊருக்குப் போனபோது ஒரு ஜாடி களாக்காய் ஊறுகாய் கொண்டுவந்து கொடுத்தேன். ஒன்றைக் கடித்து, கண்ணில் நீர் வர, உப்பையும் காரத்தையும் திட்டிவிட்டு, "ஆனால் நீ சொன்னது சரி" என்றார். அன்றிலிருந்து எங்கள் நிலவறைக் குறிப்பேட்டில் தமிழ்ப் பழங்களும் உண்டு.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். பன்னீர் ரோஜா, மாதுளை, நாவல், இலந்தை, களாக்காய், குல்கந்து. எது நினைவுக்கு வருகிறதோ அதை எழுதுங்கள். பிரெஞ்சுப் பெயரை மனப்பாடம் செய்து ஒப்பித்தால் அடுத்த வருடம் உங்களுக்கே அது என்னவென்று நினைவிருக்காது.

வாயில் ஒரு மடக்கு. உடனே விழுங்காமல் கன்னமெல்லாம் ஓடவிட்டு, உதட்டைக் குவித்துக் கொஞ்சம் காற்றை உறிஞ்சுங்கள், சூடான ரசத்தை உறிஞ்சுவது போல. சத்தம் வரும், பரவாயில்லை. பிறகு துப்பலாம். நிறையப் புட்டி பார்ப்பதானால் துப்பித்தான் ஆக வேண்டும்; இதில் 12, 13 சதவீதம் ஆல்கஹால் இருக்கிறது, பழச்சாறு மாதிரி இறங்கிவிட்டுப் பிறகு கணக்குக் கேட்கும். வண்டி ஓட்டுகிறவர் ஒரு சொட்டும் விழுங்க வேண்டாம். வெற்றிலை போட்டுப் பழகிய வம்சம் நாம், துப்புவதற்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

வாய்க்குள் இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: புளிப்பு, துவர்ப்பு. இங்கே பயிற்சிக்கு வரும் பையன்கள் இந்த இரண்டையும் சதா குழப்பிக்கொள்வார்கள். அவர்களுக்குத் துவர்ப்பு ஒரு தனிச் சுவையாகவே படுவதில்லை. நமக்கோ அறுசுவையில் அதுவும் ஒன்று. சோதனை ரொம்ப சுலபம். துப்பிய பின் வாயைக் கவனியுங்கள். தாடைக்கு அடியிலிருந்து எச்சில் ஊறி வந்தால் புளிப்பு. எச்சில் வற்றி, ஈறும் உள்கன்னமும் பிடித்து இழுத்தால் துவர்ப்பு. மோரில் போடாத வாழைப்பூவை ஒரு கடி கடித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

நல்ல நூவோவில் புளிப்பு முன்னால் நிற்கும், துவர்ப்பு பழுத்த நாவல் அளவுக்குப் பின்னால் மெல்ல எட்டிப் பார்க்கும். அந்தப் புளிப்பும் காய் மாங்காய்ப் புளிப்பாக இருக்கக் கூடாது. ஒயினில் பச்சை ஆப்பிளின் புளிப்பு ஒன்று உண்டு. அதை நுண்ணுயிர்கள் மோரின் புளிப்பாக மாற்றிக் கொடுக்கும். நூவோ செய்கிறவர் இந்த மாற்றமும் முடிந்த பிறகுதான் புட்டியில் அடைக்க வேண்டும். அவசரப்பட்டவர் ஒயின் பல் கூசும். கொட்டைப்பாக்கு மாதிரிப் பிடித்து இழுத்தால், ஒன்று வெயில் கொளுத்திய வருடத்து வில்லாஜ், அல்லது பிழிவில் ரொம்ப அழுத்திவிட்டார்கள். நுனிநாக்கில் லேசாகச் சுறுசுறுப்பு தெரிந்தால் கவலை வேண்டாம், தொட்டியிலிருந்து கூடவே வந்த வாயு அது.

இப்போது இரண்டாவது புட்டியையும் அதே மாதிரி. இரண்டையும் பழுப்புக் காகிதத்தில் சுற்றி, வேறொருவரை ஊற்றச் சொல்லுங்கள். லேபிளைப் பார்த்துச் சுவைக்கிற நோய் எனக்கும் உண்டு, காகிதம்தான் மருந்து. ஒன்றில் மிட்டாய் வாசனை மூக்கைத் துளைத்து, வாயில் சட்டென்று தீர்ந்துபோகும். மற்றதில் வாசனை தயங்கித் தயங்கி வந்து, வாயில் பத்து விநாடி நிற்கும். இரண்டுக்கும் பொதுவாக என்ன இருக்கிறதோ அது கமே. இரண்டுக்கும் மாறுவது பெரும்பாலும் செய்தவர் கை. இந்த ஒரு பயிற்சிக்காகத்தான் இரண்டு புட்டி வாங்கச் சொன்னேன். சிலருக்கு மிட்டாய் வாசனைதான் பிடிக்கும். என் மனைவிக்குப் பிடிக்கும். நான் வாயைத் திறப்பதில்லை.

கோளாறுகளையும் சொல்லிவிடுகிறேன். திறந்தவுடன் அணைத்த தீக்குச்சி அல்லது அவித்த முட்டை வாசனை வந்தால் பயப்படாதீர்கள். அவசரமாக அடைத்த இளம் ஒயினில் சகஜம். ஜாடியில் ஊற்றி நன்றாக ஆட்டினால் கால்மணியில் போய்விடும். செம்பு பட்டால் அந்த வாசனை போகும் என்பது உண்மைதான். அதைக் கேட்ட உறவினர் ஒருவர் ஒயினைப் பூஜைச் செம்பில் ஊற்றி ஒரு மணி நேரம் வைத்துவிட்டார். தயவு செய்து வேண்டாம், புளிப்பு செம்பை அரித்து எடுத்துக்கொள்ளும். நெயில் பாலிஷும் காடியும் சேர்ந்த நெடி, மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை, இந்த இரண்டும் ஆற்றினாலும் போகாது. கடையில் திருப்பிக் கொடுங்கள்.

நோட்டு ஒன்று போட்டால் இன்னொரு கதவு திறக்கும். ஒவ்வொரு நவம்பரும் அதே தோட்டத்தின் அதே ஒயினை வாங்குங்கள். மண் மாறவில்லை, திராட்சை மாறவில்லை, செய்பவரும் மாறவில்லை. மாறியது வானம் மட்டும். 2021-இல் ஏப்ரல் உறைபனி மொட்டைக் கருக்கி, கோடையும் மந்தமாகப் போனது. அந்த நவம்பரில் என் குறிப்பு: "மெலிசு, களாக்காய், பல் கூச்சம், ஆனால் சுத்தம்." 2022-இல் வெயிலும் வறட்சியும். குறிப்பு: "கருப்பு, நாவல் ஜாம், பாக்கு." 2003-இல் அடித்த வெயிலில் ஆகஸ்டிலேயே அறுவடையைத் தொடங்கினார்கள் என்று பத்ரோன் இன்றும் கதை சொல்வார். வயதான ஒயினில் பீப்பாயும் காலமும் வருடத்தை மூடி மறைக்கும். நூவோவில் அந்த வருடம் திரைபோடாமல் தெரியும். எனக்கு இந்த ஒயின்மேல் இவ்வளவு பிடிப்பு வந்ததே இதனால்தான்.

சாப்பாடு. எங்கள் கடையில் ரொசெத் என்ற தடித்த சலாமி, சூடான உருளைக்கிழங்கு, சேன் மார்செலேன் பாலாடைக்கட்டி. துவர்ப்பு குறைவு, குளிர்ச்சி உண்டு என்பதால் நம் வீட்டுக் காரத்தோடும் இது சண்டை போடாது. மற்ற சிவப்பு ஒயின்கள் மிளகாயோடு சேர்ந்தால் வாய் எரியும். மட்டன் சுக்காவோடு நன்றாகப் போகிறது, வஞ்சிரம் வறுவலோடு இன்னும் நன்றாக. எலுமிச்சை சாதம், ரசம், ஊறுகாய் பக்கம் போகாதீர்கள். அந்தப் புளிப்புக்கு முன்னால் ஒயின் தண்ணீராகிவிடும். சுவைத்துக் குறிப்பு எழுதும்வரை வெறும் ரொட்டித் துண்டு மட்டும் போதும்.

திருவிழாவைப் பார்க்க ஆசை என்றால் வில்ஃபிரான்ஷ் தாண்டி போஜூ என்ற சின்ன ஊருக்குப் புதன்கிழமை ராத்திரி போங்கள். பொஜோலே என்ற பெயரே அந்த ஊரால் வந்தது. திராட்சைக் குச்சியைக் கொளுத்தித் தீவட்டி ஊர்வலம் வந்து, நள்ளிரவில் பீப்பாயைத் திறப்பார்கள். ஆனால் கூட்டத்தில் சுவைக்க முடியாது, குடிக்கத்தான் முடியும். நான் ஒழுங்காகச் சுவைத்த நூவோ 2020-ஆம் வருடத்தது. ஊரடங்கில் கடைகள் மூடிக் கிடந்தன. வாசலில் மேசை போட்டுப் புட்டிகளை விற்றுவிட்டு, மிஞ்சிய இரண்டை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமையலறையில் தனியாக உட்கார்ந்து சுவைத்தேன். அந்த வருடக் குறிப்பு மட்டும் ஒன்றரைப் பக்கம்.

இன்னொரு புட்டி வில்லாஜ் வாங்கி இருட்டில் படுக்கவைத்து, ஈஸ்டருக்குத் திறந்து பாருங்கள். மிட்டாய் வாசனை அடங்கியிருக்கும், பழம் உட்கார்ந்திருக்கும், நவம்பர் குறிப்போடு ஒப்பிட்டால் ஒயின் எப்படி வளர்கிறது என்று ஐந்து மாதத்தில் தெரிந்துவிடும். அதற்குமேல் ஆசைப்பட வேண்டாம். நான் ஒரு புட்டியை மூன்று வருடம் ஒளித்து வைத்தேன். திறந்தால் செங்கல் நிறம், ஊறவைத்து மறந்துபோன பழம்புளி வாசனை.

திறந்த புட்டியில் மிச்சம் இருந்தால் தக்கையை அடைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் குடிக்கலாம், சில சமயம் முதல் நாளைவிட நன்றாகவே இருக்கும். மூன்றாம் நாள் என் மனைவி கேட்காமலே எடுத்து ஆட்டுக்கறிக் குழம்பில் ஊற்றிவிடுவாள். அன்றைக்குத் தக்காளியைப் பாதியாகக் குறைக்க வேண்டும்; ஒயினைக் கறியோடு முதலிலேயே ஊற்றி, நெடி அடங்கும்வரை திறந்து வைத்துக் கொதிக்கவிட்டுப் பிறகுதான் தேங்காய் அரைத்தது சேர்க்க வேண்டும்.